அடைக்கோழியும் குஞ்சும்: கொழும்பில் கோழி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளை, வத்தளைப் பக்கம் வளவில் நாலைந்து ஊர்க்கோழி வைத்திருப்பவர்கள் பலர். அவர்களில் யாருடைய பேடாவது அடைக்குக் கிடந்தால் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குஞ்சு பொரிக்கிற வேலை கோழிக்கு நன்றாகத் தெரியும். நல்ல முட்டை கொடுப்பதும், எலியும் பூனையும் நெருங்காத இடம் கொடுப்பதும் நம் வேலை. மிச்ச நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கப் பழக வேண்டும். அதுதான் பலருக்கும் கஷ்டம்.

என் கோழி அடைக்கு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முட்டை இடுவதற்குப் பெட்டியில் ஏறிய கோழி மாலையாகியும் இறங்காது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் உடம்பை உப்பி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொண்டைக்குள் கர்ர்ர் என்று உறுமும். வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்திருக்கும், தொட்டால் தோல் கொதிக்கும். நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும். இறங்கும்போதும் "குக் குக் குக்" என்று விடாமல் சத்தம் போட்டபடி ஓடும்.

ஆனால் ஒரு நாள் கிடந்ததை நம்பி முட்டையை வைத்துவிடாதீர்கள். சில பேடுகள் இரண்டு நாள் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்து போய்விடும். இரண்டு மூன்று மேசைப்பந்துகளையோ ஒன்றிரண்டு பழைய முட்டைகளையோ கீழே வைத்துப் பாருங்கள். மூன்று இரவு விடாமல் கிடந்தால் அந்தக் கோழியை நம்பலாம்.

எல்லாக் கோழியும் அடை கிடக்குமா?

கிடக்காது. புரோலாக்டின் என்ற ஹோர்மோன் உடம்பில் ஏறும்போதுதான் கோழிக்கு அந்த எண்ணம் வரும். அடை கிடக்கிற கோழி முட்டை இடாது என்பதால், முட்டைக்காக வளர்க்கும் இனங்களில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து குறைத்துவிட்டார்கள். வெள்ளை லெக்ஹோனும் பண்ணைகளில் இருக்கும் பழுப்புக் கலப்புக் கோழிகளும் அடைக்கு வருவது மிக அரிது. நம் ஊர்க்கோழிக்கு அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் கிடந்துவிடும். "முட்டை குறைவு" என்று ஊர்க்கோழியைக் குறை சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கொழும்பு மாதிரி நெருக்கமான இடத்தில் இதைச் செய்யலாமா?

அடைக்கோழியால் அயலவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அது பெரிதாகச் சத்தம் போடாது. பிரச்சினை சேவலும் நாற்றமும் நுளம்பும்தான். மாநகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள் கோழி வாங்குவதற்கு முன்பே தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசிவிடுங்கள். பின்னால் முறைப்பாடு போய் அவர் கேற்றடியில் வந்து நிற்பதைவிட அது நல்லது. டெங்குக் காலத்தில் கோழித் தண்ணீர்ப் பாத்திரத்தையும் பார்ப்பார்கள். தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். நுளம்பு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தேய்க்கத்தான் வேண்டும்.

தொடர்மாடியின் பல்கனியில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடைக்கோழி சமாளித்துவிடும். ஆனால் மண்ணே மிதிக்காமல் குஞ்சு வளர்வது எனக்கு உடன்பாடில்லை.

கடையில் வாங்கும் முட்டை பொரிக்குமா?

பொரிக்காது. பண்ணையில் முட்டைக் கோழிகளோடு சேவல் விடுவதில்லை, அதனால் அந்த முட்டையில் கரு இருக்காது. 2023இல் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்களே, அதுவும் இதே கதைதான். கோழி அதன்மேல் 21 நாளும் உண்மையாகக் கிடக்கும், கடைசியில் ஒன்றும் வராது. கோழியின் உடம்பு அவ்வளவு மெலிந்த பிறகு வெறும் முட்டையை எடுத்து எறிவது பாவம்.

சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடு சரியான கணக்கு. சேவலை விற்றுவிட்டாலும் பத்து நாள் வரை இடுகிற முட்டைகளில் நிறையக் கரு இருக்கும், அதற்குப் பிறகு வேகமாகக் குறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து முட்டை கொண்டுவந்து வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அம்மாவோ சித்தியோ யாழ்தேவி ரயிலில் வரும்போது ஒரு வாளி முட்டை வந்து சேரும். முட்டைக்குக் குலுக்கல்தான் எதிரி. முட்டையின் அகன்ற பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கிறது. குலுங்கினால் அதன் சவ்வு கழன்றுவிடும், அப்புறம் குஞ்சு உருவானாலும் கடைசியில் மூச்சுக்குத் திணறும்.

வாளியின் அடியில் உமி அல்லது மரத்தூள் நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். முட்டையின் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றோடு ஒன்று முட்டாமல் அடுக்கி, மேலேயும் உமி போட்டு நிரப்புங்கள். இரவு பஸ்ஸில் வருவதானால் வாளியைப் பின்சில்லுக்கு மேலே இருக்கும் இருக்கையடியில் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு வந்தால் மிக நல்லது. வீட்டுக்கு வந்ததும் நேரே கோழிக்குக் கீழே வைக்கக்கூடாது. கூர்ப்பக்கம் கீழாக ஒரு நாள் அசையாமல் இருக்கட்டும். காற்றறை பழையபடி அமரும்.

முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்? பிரிட்ஜில் வைக்கலாமா?

ஏழு நாள், மிஞ்சினால் பத்து நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர்ந்த அறை இருக்கிறவர்களுக்கு அது சரி. கொழும்பில் மத்தியானம் வீட்டுக்குள்ளேயே 30 பாகை செல்சியஸ். 20, 21 பாகையைத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். ஆனால் உருப்படியாக வளர 37 பாகைக்கு மேல் வேண்டும். இடையில் கிடக்கும் முட்டையில் கரு பாதி விழித்த நிலையில் நாளைக் கடத்திப் பலவீனமாகிச் செத்துவிடும். அதனால் நம் ஊருக்கு ஐந்து ஆறு நாளே போதும்.

ஈர மணல் போட்ட மண்பானையில் முட்டையைப் புதைத்து வைப்பது ஊரில் பழைய வழக்கம். பானையிலிருந்து நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். வறண்ட காற்று வீசும் இடங்களில் அது அருமையாக வேலை செய்யும். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அவ்வளவு குளிராது, பூஞ்சணம்தான் பிடிக்கும். வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத சீமெந்துத் தரையில், அட்டைத் தட்டில் வைப்பது மேல். பிரிட்ஜின் உள்பக்கம் நாலைந்து பாகைக்கு இறங்கும். அது கருவுக்கு அதிகக் குளிர், வைக்காதீர்கள்.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சுத்தான் கிருமியை உள்ளே விடாமல் தடுக்கிறது. எச்சம் பூசிய முட்டையைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, சுத்தமாக இருப்பதை அடைக்கு வையுங்கள்.

எத்தனை முட்டை வைக்க வேண்டும்? ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டுமா?

கோழி உட்கார்ந்த பிறகு ஒரு முட்டையும் வெளியே தெரியக்கூடாது. அதுதான் அளவு. சாதாரண ஊர்க்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு. ஓரத்தில் ஒரு முட்டை நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒன்று மட்டும் கெட்டுப்போவதில்லை. கோழி நாளெல்லாம் முட்டைகளை உள்ளேயும் வெளியேயும் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொன்றும் தன் முறைக்குக் குளிரும். ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால் எட்டுக் குஞ்சு வரும், பதினொன்று வைத்தால் ஒன்பதோ பத்தோ வரும்.

ஒற்றைப்படை பெரியவர்களின் வழக்கம். பதினொன்று வைத்தால் அவர்கள் மனமும் நிறையும், கோழிக்கும் அளவாக இருக்கும். கூர்மையான முட்டையில் சேவல், உருண்டையில் பேடு என்பது மட்டும் உண்மையில்லை.

எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மற்றக் கோழிகள் வந்து அதே பெட்டியில் இட்டுவிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடலாம்.

எங்கே அடை வைப்பது?

இந்தக் கேள்வியில்தான் கொழும்பு வேறு, ஊர் வேறு.

முதலில் எலி. நகரத்துப் பெருச்சாளி முட்டையை உருட்டிக்கொண்டு போகும், குஞ்சைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கடையில் கோழிவலை என்று விற்கிற அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, எலி உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள உருக்கு வலை வாங்குங்கள். சுவரோரத்தில் அதை ஒரு அடி மண்ணுக்குள் புதைக்கவும் வேண்டும்.

அடுத்தது மரநாய். ஓட்டுக் கூரை மேல் இரவில் தடதடவென்று ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். வெறும் கொக்கியைத் தள்ளித் திறந்துவிடும், அதனால் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாயோரமும் களனி ஆற்றுப் பக்கமும் இருப்பவர்களுக்குக் கபரகொய்யா (நீர் உடும்பு) பகலிலேயே வரும். சதுப்பு நிலத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு மீன்பிடிப் பூனையும் வரலாம். கபரகொய்யாவும் மீன்பிடிப் பூனையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். பொறியும் நஞ்சும் வைக்காதீர்கள், கூட்டைப் பலமாகக் கட்டுங்கள். நகரத்துக்குள் இன்னமும் இவை உயிரோடு இருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம்.

பெட்டி தரையில் இருக்கக்கூடாது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வரிசைச் சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். நேராகத் தகரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் தகரத்தடியில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், முட்டையின் சூடும் ஏறிவிடும். குளிரைவிடச் சூடுதான் கருவைச் சீக்கிரம் கொல்லும். தகரம்தான் கூரை என்றால் மேலே தென்னோலை போடுங்கள்.

பெட்டி ஒன்றேகால் அடிச் சதுரம் இருந்தால் போதும். அடியில் சற்று ஈரமான மண்ணைப் போட்டுக் கையால் அழுத்தி, நடுவில் ஆழமில்லாத குழியாக்குங்கள். முட்டை தானாக நடுவுக்கு உருண்டு வரும். மேலே வைக்கோல். கொழும்பில் வைக்கோல் தேடி அலைய வேண்டும் என்பது தெரியும். காய்ந்த புல் போதும், மொறட்டுவைப் பக்கம் தச்சுப் பட்டறைகளில் கிடைக்கும் மரச்சீவலும் போதும். பொடித் தூள் வேண்டாம், மருந்தடித்த பலகையின் சீவலும் வேண்டாம். பத்திரிகைத் தாள் விரித்தால் குஞ்சு வழுக்கிக் கால் அகண்டு முடமாகிவிடும்.

முட்டையிடும் பெட்டியிலிருந்து இந்த இடத்துக்குக் கோழியை மாற்றுவதானால் இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் தூக்கினால் பழைய இடத்துக்கே ஓடும். முதலில் பொய்முட்டையோடு ஒரு நாள் கிடக்கட்டும், மறுநாள் இரவு நல்ல முட்டையை வையுங்கள்.

கோழி சாப்பிடவே இறங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் நீங்கள் பார்க்காத நேரத்தில் இறங்கியிருக்கும். நாளைக்கு ஒரு முறை, கால் மணி அல்லது இருபது நிமிடம் இறங்கும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சாதாரணத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக, நாற்றமாக எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டு ஏறும். அந்தப் பெரிய எச்சம் கூட்டுக்கு வெளியே கிடந்தால் கோழி இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டு நாளாக அதைக் காணவில்லை என்றால் காலையில் மெதுவாகத் தூக்கித் தீனுக்குப் பக்கத்தில் விடுங்கள். தூக்குமுன் சிறகுக்கடியில் கையை விட்டுப் பாருங்கள். சில நேரம் இடுக்கில் முட்டை ஒட்டியிருந்து கீழே விழுந்து உடையும்.

தீனையும் தண்ணீரையும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். நாலைந்து அடி தள்ளி வையுங்கள். இறங்கி நடக்கட்டும்.

ஒரு மணி நேரம் வெளியே நின்றுவிட்டது. முட்டை போய்விட்டதா?

இல்லை. கொழும்புச் சூட்டில் அது ஒன்றுமே இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஆறிய முட்டைகூடப் பெரும்பாலும் தாங்கும். பொரிப்பது அரை நாள் பிந்தலாம். தூக்கி எறியாதீர்கள்.

இடி இடித்தால் முட்டை கூழாகிவிடுமாமே?

ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் எல்லாரும் இதைக் கேட்பார்கள். இடிக்காகத்தான் கூட்டுக்குள் இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைப்பது. இடிச் சத்தத்தால் முட்டை கெடுவதில்லை. ஆனால் இடிமழையோடு வேறு விஷயங்கள் நடக்கின்றன. கூரை ஒழுகி முட்டை நனையும். நனைந்த ஓட்டின் வழியாகக் கிருமி உள்ளே போகும். பயந்த கோழி பாய்ந்து எழும்பும்போது முட்டை உரசி வெடிக்கும். வெடித்த முட்டை கூழாகும். பெரியவர்கள் கண்டது நிஜம், காரணம்தான் வேறு. இரும்பு வைப்பதில் நட்டமில்லை, ஆனால் கூரை ஒழுக்கையும் அடைத்துவிடுங்கள்.

பேன் பிடித்தால்?

அடைக்கோழி அசையாமல் கிடப்பதால் பேனுக்கும் சிற்றுண்ணிக்கும் கொண்டாட்டம். அதிகமானால் கோழி தாங்காமல் முட்டையை விட்டுவிட்டு எழுந்துவிடும், அல்லது இரத்தம் வற்றிக் கிடந்தபடியே செத்துவிடும். இரவில் டோர்ச் அடித்து வாலுக்குக் கீழேயும் பெட்டி மூலைகளிலும் பாருங்கள். சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து ஒரு பேசினில் வைத்தால் இறங்கும்போது அதில் புரளும். வீட்டில் விறகடுப்பு இல்லாதவர்கள் விறகில் பாண் போடும் பேக்கரியில் சாம்பல் கேட்டால் கொடுப்பார்கள். கூட்டுக்குள் வேப்பிலை போடுங்கள், வாடினால் மாற்றுங்கள்.

உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் இரண்டு தடவை மட்டும். ஏழாம் நாள் ஒரு தடவை, பதினான்காம் நாள் ஒரு தடவை. இரவில் லைட்டை அணைத்துவிட்டு, கைப்பேசி டோர்ச்சின்மேல் கையைக் குழலாக மடித்து, அதன்மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வையுங்கள். ஏழாம் நாளில் ஓர் இருண்ட புள்ளியும் அதைச் சுற்றி சிலந்திக் கால்கள் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி அசையும். முதன்முதலாக அதைப் பார்க்கிற பிள்ளைகள் மூச்சுவிடவும் மறந்துபோவார்கள், கட்டாயம் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒன்றுமே தெரியாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கருவில்லாத முட்டை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் பதினான்காம் நாள்வரை விட்டுவையுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே வேண்டாம்.

இருபத்தொராம் நாள் என்ன நடக்கும்?

பொரிப்பதற்கு ஒரு நாள் முன்பே முட்டைக்குள்ளிருந்து மெல்லிய "கீச்" சத்தம் வரும். அதைக் கேட்டதும் கோழியின் குரலே மாறிவிடும். அதுவரை உறுமிக்கொண்டிருந்தது, தணிந்த குரலில் முட்டையோடு பேச ஆரம்பிக்கும். இப்படிப் பேசிக்கொள்வதால்தான் முட்டையை விட்டு வரும் முன்னமே குஞ்சுக்குத் தாயின் குரல் பழகிவிடுகிறது.

குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு சிறு மொட்டு இருக்கும். அதனால் முதலில் உள்ளே காற்றறையைக் குத்தும், அப்புறம் ஓட்டில் ஒரு வெடிப்புப் போடும். அதோடு பல மணி நேரம் ஒரு அசைவும் இருக்காது. பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், முழு ஒரு நாளும் ஆகலாம். இந்த நேரத்தில்தான் எல்லாரும் பதறுகிறார்கள். உள்ளே குஞ்சு சும்மா இல்லை. சவ்வு நரம்புகளில் இருக்கும் இரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. நுரையீரல் காற்றுக்குப் பழகுகிறது. அது முடிந்ததும் ஓட்டைச் சுற்றி வட்டமாக வெட்டி, மூடியைக் காலால் தள்ளி வெளியே வரும்.

ஓட்டை உரித்து உதவலாமா?

வேண்டாம். மேலே சொன்ன நரம்பில் இரத்தம் இருக்கும்போது உரித்தால் குஞ்சு இரத்தம் கொட்டிச் செத்துவிடும். மற்றக் குஞ்செல்லாம் வந்து, வெடிப்புப் போட்டு ஒரு நாளுக்கு மேலாகி, உள்ளே சவ்வு காய்ந்து பழுப்பாகி குஞ்சில் ஒட்டியிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வை ஈரமாக்குங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். மற்றபடி கூட்டுப் பக்கமே போகாமல் இருப்பதுதான் கோழிக்குச் செய்கிற பெரிய உதவி. பெட்டியை அடிக்கடி எட்டிப் பார்த்தால் கோழி எழும்பும், எழும்பும்போதுதான் ஈரக் குஞ்சு மிதிபடும்.

பாதிதான் பொரித்தது. மிச்சத்தை எப்போது எடுப்பது?

முதல் குஞ்சு வந்து இரண்டு நாள்வரை பொறுக்கலாம். அந்த இரண்டு நாளும் வந்த குஞ்சுகளுக்குத் தீன் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அவற்றைத் தாங்கும். அதற்குப் பிறகு தாய் குஞ்சுகளோடு இறங்கிவிடும். மிச்ச முட்டையைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சத்தம் இல்லாமல், ஆட்டினால் களக் களக் என்றால் கூழ்முட்டைதான். கூட்டுக்குள் உடைக்காமல், தூரக் கொண்டுபோய்ப் புதையுங்கள்.

குஞ்சுக்கு என்ன கொடுப்பது?

கோழித்தீன் கடையில் குஞ்சுத்தீன் என்று கேளுங்கள். முட்டைக் கோழித்தீன் கொடுக்காதீர்கள். அதிலிருக்கும் கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. தாய்க்கும் அந்த நாட்களில் குஞ்சுத்தீனே போதும், ஒரே பாத்திரத்தில் சாப்பிடட்டும். குறுநல் அரிசியும் துருவிய தேங்காய்ப்பூவும் கொஞ்சம் தூவலாம், ஆனால் அதையே முழுச் சாப்பாடாக்கினால் வளர்ச்சி குன்றும். ஊரில் கறையான் புற்றை வெட்டிக் கொட்டுவார்கள், அதைவிட நல்ல தீன் இல்லை. இங்கே பூச்சாடியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஏதாவது பூச்சி கிடைக்கும். தாய் மண்ணைக் கிளறி, ஒரு பூச்சியை அலகால் தூக்கிக் கீழே போட்டு, "இங்கே வா" என்கிற குரலில் கூப்பிடும். குஞ்சுகள் அதைப் பார்த்துத்தான் எதைச் சாப்பிடுவது என்று கற்றுக்கொள்கின்றன.

தண்ணீரைத் தட்டையான மூடியில் வைத்து, உள்ளே கூழாங்கல் போடுங்கள். கல் இல்லாத பாத்திரத்தில் குஞ்சு மூழ்கிவிடும்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?

பழமொழி ஆகாது என்கிறது, ஊர்க்கோழியில் அது பெரும்பாலும் சரிதான். கனமான கலப்புக் கோழியை அடை வைத்தால் சில நேரம் நடக்கிறது. மிதிப்பதைவிடப் பார்க்க வேண்டியது கொத்துவது. முதல் தடவை தாயாகும் பேடு முதல் குஞ்சைக் கண்டு வெருண்டு கொத்தலாம். அப்படிக் கொத்தினால் குஞ்சை எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு, இருட்டிய பிறகு தாயின் வயிற்றுக்கடியில் விடுங்கள். காலையில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும்.

காகத்தை எப்படிச் சமாளிப்பது?

கொழும்பில் முதல் மூன்று வாரம் குஞ்சைத் திறந்த வளவில் விடக்கூடாது. ஊரில் பிராந்து வந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் செடிக்குள் ஒளிந்துகொள்ளும். இங்கே காகம் கூட்டமாக வரும். ஒன்று தாயைச் சீண்டி அந்தப் பக்கம் இழுக்க, இன்னொன்று பின்னாலிருந்து தூக்கும். ஒளிய ஒரு செடியும் இருக்காது, எல்லாம் சீமெந்து. நாலு பக்கமும் மேலேயும் வலை அடித்த ஒரு சிறு கூண்டைப் புல்லின்மேல் வைத்து, தாயையும் குஞ்சையும் அதற்குள் விட்டு, தினமும் இடம் மாற்றுங்கள். கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான கரப்பு இருந்தால் அதுவும் நல்லது. தெருப் பூனை இருக்கும் இடத்தில் கரப்பின்மேல் பாரம் வைக்க மறக்காதீர்கள்.

தடுப்பூசி போட வேண்டுமா? நாலைந்து குஞ்சுதானே?

போட வேண்டும். ராணிக்கெட் என்ற தொற்றுநோய் வந்தால் நாலைந்தும் ஒரே வாரத்தில் போய்விடும். அதற்கான தடுப்பு மருந்தின் முதல் துளியை, கண்ணிலோ மூக்கிலோ, முதல் வாரத்தையொட்டி விடுவார்கள். கோழி அம்மையும் முக்கியம், அதை நுளம்பு பரப்பும், கொழும்பில் நுளம்புக்குக் குறைவில்லை. உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டால் எந்த வயதில் எது என்று சொல்வார்கள். ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்கானது, திறந்து கலக்கினால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு பேசி ஒரே நாளில் போடுங்கள். ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும்.

மழைக்காலத்தில் குஞ்சு கூனிக்கொண்டு, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக் கழிச்சல். நனைந்த மரச்சீவலில்தான் அது பெருகும். அன்றே சீவலை மாற்றி, அன்றே வைத்தியரைக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடும் நோயல்ல அது.

பிள்ளைகள் குஞ்சைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக்கூடாது. பார்க்கச் சுகமாயிருக்கும் குஞ்சுகூட சல்மொனெல்லாவைச் சுமக்கும்.

கோழிக்குக் கீழே வாத்து முட்டை வைக்கலாமா?

வைக்கலாம். 28 நாள் ஆகும், அதனால் கோழி முட்டையோடு கலந்து வைக்காதீர்கள்.

குஞ்சு பொரிக்கும் இயந்திரம் (பொரிப்பான்) வாங்கினால் வேலை சுலபம்தானே?

நூற்றுக்கணக்கில் பொரிக்கிறவருக்குச் சுலபம். பத்து முட்டைக்குத் தேவையில்லை. 2022இல் நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதும் அடைக்கோழி தன் வேலையை நிறுத்தவில்லை. அதோடு பொரிப்பான் குஞ்சுக்கு அடுத்த ஒரு மாதமும் மின்குமிழ் எரிக்க வேண்டும். காகத்தைக் கண்டு ஒளிவதற்கும் எந்தப் பூச்சியைக் கொத்தலாம் என்பதற்கும் ஒரு குரல் அவற்றுக்கு இருக்காது. என்னைக் கேட்டால் தாயோடு வளர்ந்த குஞ்சுக்கு ஈடில்லை.

எனக்குக் குஞ்சு வேண்டாம். அடையை எப்படித் தெளிய வைப்பது?

தண்ணீரில் முக்குவதும், காலைக் கட்டித் தொங்கவிடுவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் கொடுமை. தயவுசெய்து செய்யாதீர்கள். அடி முழுக்கக் கம்பிவலையான ஒரு கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, வைக்கோல் ஒன்றும் போடாமல், தீனும் தண்ணீரும் கொடுத்துக் கோழியை அதில் விடுங்கள். வயிற்றுக்கடியில் காற்றோட்டம் பட்டால் உடம்புச் சூடு இறங்கும். மூன்று நாலு நாளில் எழுந்து சாதாரணமாகத் திரியும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டையிடும்.

தாய் எப்போது குஞ்சைப் பிரியும்? சேவல் குஞ்சுகளை என்ன செய்வது?

ஆறு முதல் எட்டு வாரத்தில் தாயே கொத்தித் துரத்தத் தொடங்கும். அது கோபமல்ல, அடுத்த முட்டைக்கு உடம்பு தயாராகிறது. அந்த நேரத்தில் குஞ்சுகளைத் தனியாக, ஆனால் ஒன்றாகவே அடையுங்கள்.

பாதிக் குஞ்சு சேவலாகத்தான் வரும். இதை அடை வைக்கும் நாளிலேயே யோசித்துவிடுங்கள். எட்டாவது, பத்தாவது வாரத்திலேயே கொண்டைப்பூ சிவந்து பெரிதாகும், காலும் தடிக்கும். கொஞ்ச நாளில் கரகரத்த குரலில் கூவிப் பழகும். முழுக் குரல் வந்துவிட்டால் விடியற்காலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும், நோயாளிகளுக்கும் தூக்கம் கெடும். அதற்கு முன்பே ஊரில் வளவு உள்ள உறவினருக்கு அனுப்பலாம். கறிக்கு வளர்ப்பதானால் நாலாம் மாதத்துக்குள் முடிவெடுங்கள். ஒரே சேவலை வைத்திருக்க விரும்பினால் கூவுவதற்கு முன் இரண்டு பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டு, இரவில் வெளிச்சம் புகாத கூட்டில் அடைத்து, காலை ஆறரைக்குப் பிறகு திறந்துவிடுங்கள். முட்டை சேர்ந்ததும் முதல் தட்டை அந்த இரண்டு வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.